கனீல் பே: கரும்புத் தோட்டம் சொகுசு விடுதியான வரலாறும், அந்த நிலம் இனி யாருக்கு என்ற வழக்கும் (விவாத இழை)

தரங்கைக்காரன் எழுதியது:

கரீபியத் தீவுகளில் பழைய கரும்புத் தோட்டங்கள் சொகுசு விடுதிகளாக மாறிய கதைகள் ஏராளம். ஜமைக்காவிலும் நெவிஸிலும் ஆலைச் சுவர்களுக்கு நடுவே மேசை போட்டு இரவு விருந்து பரிமாறும் விடுதிகள் இன்றும் நடக்கின்றன. அவற்றுள் அமெரிக்க வர்ஜின் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் ஜான் தீவின் கனீல் பே மட்டும் தனி ரகம் என்பது என் எண்ணம். மற்ற இடங்களில் தோட்டம் விடுதியானதோடு கதை முடிந்துவிடுகிறது. இங்கே விடுதியின் உரிமையாளரே நிலத்தை அரசுக்குத் தானமாகக் கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் வாடகையில்லாமல் விடுதி நடத்தும் உரிமை அந்தப் பத்திரத்திலேயே ஒதுக்கி வைக்கப்பட்டது. இடையில் புயல் வந்து விடுதியை அழித்தது. கெடுவும் முடிந்தது. இப்போது இடிபாடுகளும் ஏழு கடற்கரைகளும் மிஞ்சியிருக்கின்றன. ஆகவே இதைப் பற்றி மட்டும் ஓர் இழை தொடங்குகிறேன்.

செயின்ட் ஜான் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைப்பாங்கான தீவு. டேனிஷ் மேற்கிந்திய கும்பினி அருகிலுள்ள செயின்ட் தாமஸில் 1670களில் காலூன்றி, 1718இல் இங்கே வந்து சேர்ந்தது. பதினைந்தே ஆண்டுகளில் தீவு நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களாகக் கூறு போடப்பட்டது. கரும்பும் பருத்தியும் பயிரிட்டார்கள். நிலத்தை வாங்கியவர்களில் டேனியர்களைவிட டச்சுக்காரர்கள் அதிகம். பலர் செயின்ட் தாமஸிலேயே தங்கிக்கொண்டு, இங்கே ஒரு கங்காணியையும் அடிமைகளையும் வைத்துத் தோட்டத்தை நடத்தினார்கள். வடமேற்குக் கரையில் இன்று கனீல் பே எனப்படும் இடம் அப்போது பீட்டர் டூர்லோ என்பவரின் தோட்டம். 1733இல் தீவின் பெரும்பகுதி அடிமைகள் கையில் விழுந்தபோது வெள்ளையர்கள் ஓடி ஒளிந்த இடம் இதுதான். விடுதியின் விளம்பரங்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பகுதி அது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

இளவேனில் எழுதியது:

நல்ல இழை, ஐயா. 1733 கிளர்ச்சி செயின்ட் ஜானில் நடந்தது என்று படித்திருக்கிறேனே தவிர, விடுதி இருந்த அதே மண்ணில் நடந்தது என்று தெரியாது. கிளர்ச்சிக்காரர்கள் கோட்டையையே பிடித்துவிட்ட பிறகு ஒரு தோட்டம் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? விரிவாக எழுத முடியுமா?

தரங்கைக்காரன் எழுதியது:

எழுதுகிறேன், இளவேனில்.

1733ஆம் ஆண்டு அந்தத் தீவுக்கு மிகக் கெட்ட ஆண்டு. முதலில் வறட்சி, பிறகு புயல், அதோடு பூச்சித் தாக்குதல். அடிமைகளுக்குத் தோட்டத்தில் தனியாக ஒதுக்கியிருந்த சிறு நிலங்களில் விளைந்ததுதான் அவர்களுக்கு உணவு. அது கருகியதும் பசியால் காட்டுக்குள் ஓடுகிறவர்கள் பெருகினார்கள். இதற்கு ஆளுநர் பிலிப் கார்டெலின் கண்ட தீர்வு, செப்டம்பரில் பிறப்பித்த ஓர் அடிமைச் சட்டம். ஓடிப்போனவருக்குக் கால் வெட்டப்படும், ஓடத் தூண்டியவரைப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கிள்ளித் தூக்கிலிட வேண்டும் என்ற வகையில் அதன் விதிகள் செல்கின்றன.

அந்தச் சமயத்தில் தீவுக்கு வந்து இறங்கியவர்களில் பலர் இன்றைய கானாவின் அக்வாமு இனத்தார். 1730இல் அவர்களுடைய அரசு வீழ்ந்ததால் தோற்றுப்போனவர்கள் சந்தைக்கு வந்தார்கள். அவர்களில் போர் நடத்திப் பழகியவர்களும், ஊரில் அதிகாரம் செலுத்தியவர்களும் இருந்தார்கள். இவர்களைக் கொண்டுவந்து கரும்பு வெட்டச் சொன்னதில் இருந்த ஆபத்தைத் தோட்டக்காரர்கள் உணரவில்லை.

நவம்பர் 23 அதிகாலையில், தீவின் கிழக்குப் பகுதியான கோரல் பே கோட்டைக்கு வழக்கம்போல விறகு சுமந்து சென்றவர்கள், கட்டுக்குள் கரும்பு வெட்டும் கத்திகளை மறைத்து எடுத்துச் சென்றார்கள். காவல் வீரர்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் பீரங்கியை முழக்கினார்கள். அதுதான் மற்றத் தோட்டங்களுக்குக் கொடுத்த அடையாளம். கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரே ஒரு வீரர் தப்பிச் சென்று செயின்ட் தாமஸில் செய்தி சொன்னார்.

டூர்லோ தோட்டம் தாக்குப்பிடித்ததற்கு அதன் இருப்பிடம் ஒரு காரணம். அது செயின்ட் தாமஸைப் பார்த்த கரையில் இருப்பதால், பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றி அனுப்பவும், வெடிமருந்தும் ஆளும் அந்தப் பக்கத்திலிருந்து வரவும் முடிந்தது. பீரங்கியும் அங்கே இருந்தது. மூன்றாவது காரணம் பலருக்குச் சங்கடமானது. தோட்டக்காரர்களோடு சேர்ந்து அந்த இடத்தைக் காத்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். கிளர்ச்சிக்காரர்களின் நோக்கம் எல்லா அடிமைகளையும் விடுவிப்பதாக இல்லை, தீவை அக்வாமுக்களின் ஆட்சிக்குக் கீழே கொண்டுவந்து தோட்டங்களைத் தாங்களே நடத்துவதுதான் என்று வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். மற்ற ஆப்பிரிக்க இனத்தாருக்கு அந்த ஏற்பாட்டில் என்ன இடம் கிடைத்திருக்கும் என்பதை அவர்கள் ஊகித்திருப்பார்கள்.

ஆறு மாதங்களுக்கு மேல் தீவின் பெரும்பகுதி கிளர்ச்சிக்காரர்களிடம் இருந்தது. டேனியர்களால் தனியாக அடக்க முடியவில்லை. 1734 வசந்த காலத்தில் மார்ட்டினிக்கிலிருந்து சில நூறு பிரெஞ்சு வீரர்கள் வந்த பிறகே அடங்கியது. பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பலர் கூட்டாகத் தற்கொலை செய்துகொண்டார்கள். தலைமை ஏற்றவர்களில் பிரெஃபு என்ற பெண்ணின் பெயர் இன்றும் அங்கே மரியாதையோடு சொல்லப்படுகிறது.

கடலோடி எழுதியது:

நான் அந்தத் தீவுக்குச் சென்றிருக்கிறேன். விடுதி மூடிக் கிடந்த காலம் அது. செயின்ட் தாமஸின் ரெட் ஹூக் துறையிலிருந்து குரூஸ் பேக்குப் படகில் வந்து, அங்கிருந்து லிண்ட் பாயிண்ட் காட்டுப் பாதையில் நடந்தால் ஹனிமூன் கடற்கரைக்கு வந்துவிடலாம். விடுதியின் ஏழு கடற்கரைகளில் ஒன்று அது. வர்ஜின் தீவுகளின் சட்டப்படி கடற்கரை யாருக்கும் பட்டா கிடையாது, அலையோரம் நடக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கரைக்கு வரும் வழி தனியாருடையதாக இருந்தால் அந்த உரிமை படகு வைத்திருப்பவருக்கு மட்டுந்தான் பயன்படும்.

நான் சொல்ல வந்தது வேறு. வடக்குக் கரையில் அன்னபெர்க் என்ற இன்னொரு கரும்பாலையின் இடிபாடுகளைத் தேசியப் பூங்கா நிர்வாகம் காத்து வைத்திருக்கிறது. அந்தச் சுவரை அருகில் நின்று பாருங்கள். தீவின் கருங்கல்லுக்கு நடுவே, கப்பலின் அடிப்பாரமாக வந்த மஞ்சள் நிற டேனிஷ் செங்கல் இருக்கும். மூலைகளிலும் வாசல் ஓரங்களிலும் வெண்சாம்பல் நிறத்தில், வளைந்து வளைந்து கோடுகள் ஓடும் கட்டிகள் இருக்கும். அவை மூளைப் பவளம். கடலுக்குள் இறங்கி, பவளம் ஈரமாக இருக்கும்போதே வெட்டிச் சதுரமாகச் செதுக்கிக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அடிமைகள். இடையில் உள்ள சாந்து சிப்பியையும் பவளத்தையும் சுட்ட சுண்ணாம்பு. நம் ஊரில் கருப்பட்டி நீர் சேர்த்தது போல அவர்கள் கரும்புப் பாகு சேர்த்ததாகச் சொல்கிறார்கள். கனீல் பே ஆலையும் இதே கட்டுமான வகைதான். குதிரைகளைக் கட்டிச் சுற்றவிட்ட அந்தச் செக்கு மேடையின் மேல்தான் பிற்காலத்தில் விடுதியின் உணவகம் வந்தது.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. செக்கு மேடையை இடித்துத் தள்ளாமல் காத்தது விடுதிதான். அந்த மேடையில் யார் கரும்பை ஊட்டினார்கள் என்று சொல்லாமல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்ததும் விடுதிதான்.

பத்திர எழுத்தர் எழுதியது:

வணக்கம். நான் நிலப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். ஆகவே என் கவனம் கிளர்ச்சியைவிடக் கைமாற்றத்தின் மேல்தான் செல்கிறது. டூர்லோவுக்கும், பிற்காலத்தில் விடுதியை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லருக்கும் இடையில் இருநூறு ஆண்டுகள் இருக்கின்றனவே. அந்தச் சங்கிலி எப்படி வந்தது என்று யாராவது சொன்னால், நிலத்தை அரசுக்குத் தானமாகக் கொடுத்த 1983 பத்திரத்தைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

தரங்கைக்காரன் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன், ஐயா. கிளர்ச்சிக்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் சர்க்கரைதான். 1848 ஜூலை 3 அன்று, செயின்ட் குரோய் தீவில் அடிமைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து நெருக்கியதால், ஆளுநர் பீட்டர் ஃபான் ஷோல்டன் அங்கேயே விடுதலையை அறிவித்தார். ஆனால் மறு ஆண்டே ஒரு தொழிலாளர் சட்டம் வந்து, ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு, விடுதலையானவர்களை அதே தோட்டங்களில் நிறுத்தியது. 1878இல் செயின்ட் குரோயில் தோட்டங்கள் எரிந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. செயின்ட் ஜானின் செங்குத்தான சரிவுகளில் கரும்பு எப்போதுமே பெரிய லாபம் தந்ததில்லை. பீட்ரூட் சர்க்கரை வந்து விலையும் விழுந்ததும் தோட்டங்களைக் காடு விழுங்கியது. எஞ்சிய மக்கள் சிறு துண்டு நிலங்களில் பயிரிட்டும், மீன் பிடித்தும், கரி சுட்டும், மாடு வளர்த்தும், பே ரம் என்ற வாசனைத் தைலத்துக்கு இலை பறித்தும் வாழ்ந்தார்கள். 1917 மார்ச் 31 அன்று டென்மார்க் மூன்று தீவுகளையும் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 1930களில் செயின்ட் தாமஸிலிருந்த ஒரு டேனிஷ் நிறுவனம் கனீல் பேயில் சில குடில்களைக் கட்டி விருந்தினர்களை ஏற்றது. தோட்டம் விடுதியானது அப்போதுதான். ராக்ஃபெல்லர் வந்தபோது அது ஏற்கெனவே சிறு விடுதி.

கடலோடி எழுதியது:

அதற்கு மேல் நான் சொல்கிறேன். தீவைத் தேசியப் பூங்காவாக்கலாம் என்ற யோசனை ராக்ஃபெல்லருடையது அன்று. 1939லேயே பூங்காத் துறையைச் சேர்ந்த ஹெரால்ட் ஹப்ளர் பரிந்துரைத்திருந்தார், போர் வந்ததால் கோப்பு உறங்கிவிட்டது. பிறகு வட கரோலினாவைச் சேர்ந்த ஃப்ராங்க் ஸ்டிக் என்ற ஓவியர், நில வியாபாரமும் செய்தவர், தெற்குக் கரையில் லாமெஷூர் தோட்டத்தை வீட்டுமனை போடும் எண்ணத்தோடு வாங்கி, பார்த்ததும் மனம் மாறி, பூங்காவுக்காகப் பேசத் தொடங்கினார். லாரன்ஸ் ராக்ஃபெல்லர் 1952இல் கடற்பயணத்தில் வந்தபோது கனீல் பே அவருக்குப் பிடித்துப்போய் வாங்கினார். பிறகு தம் குடும்பத்தின் ஜாக்சன் ஹோல் பிரிசர்வ் என்ற அறக்கட்டளை வழியாக ஏறத்தாழ 5,000 ஏக்கரை வாங்கி அரசுக்குக் கொடுத்தார். 1956 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் சட்டத்தில் கையெழுத்திட்டார். டிசம்பர் 1 அன்று பூங்கா பிறந்தது. அதே நாளில் விடுதியும் புதிதாகத் திறக்கப்பட்டது.

அந்த நிலத்தை யாரும் அப்படிக் காக்கவில்லை என்றால் செயின்ட் ஜான் இன்னொரு செயின்ட் தாமஸ் ஆகியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மலைச்சரிவெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பும் துறைமுகமெல்லாம் உல்லாசக் கப்பலுமாக இருந்திருக்கும். விடுதியிலும் பல பத்தாண்டுகளுக்கு அறைகளில் தொலைபேசியோ தொலைக்காட்சியோ கிடையாது. 166 அறைகள் இருந்தும், கடலிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேல் ஒரு கூரை தெரியாது. தோட்டக் காலத்துக் கழுதைகளின் வாரிசுகள் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும், அவற்றுக்கும் யாரும் வாடகை கேட்டதில்லை.

அகல்விளக்கு எழுதியது:

கடலோடி அண்ணா, நீங்கள் சொல்லும் இயற்கைக் காப்பை மறுக்கவில்லை. ஆனால் அந்த 5,000 ஏக்கரில் மக்கள் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950இல் தீவில் எண்ணூறு பேருக்கும் குறைவாகத்தான் இருந்தார்கள் என்பது உண்மை. அந்தச் சிறு எண்ணிக்கையைக் காட்டித்தான் "ஆளில்லாத சொர்க்கம்" என்ற படம் வரையப்பட்டது. கரி சுடுவதும் மாட்டை அவிழ்த்துவிடுவதும் பூங்கா எல்லைக்குள் குற்றமாயின. வழிவழியாக நடந்த ஒற்றையடிப் பாதைகள் பூங்காவின் பாதைகளாயின.

சட்டம் நிறைவேறிய 1956இல் அந்தத் தீவு மக்கள் அமெரிக்கக் குடிமக்கள்தாம். ஆனால் தங்கள் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, முதல் ஆளுநர் தேர்தல் 1970இல்தான் நடந்தது. நாடாளுமன்றத்தில் வாக்கில்லாத பிரதிநிதி ஒருவர்கூட அப்போது கிடையாது. தீவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு இன்று பூங்கா எல்லைக்குள் இருக்கிறது. அதைத் தீர்மானித்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

1962இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். பூங்காவை விரிவாக்க வந்த மசோதாவில், விற்க மறுப்பவரிடமிருந்து நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரமும் சேர்ந்திருந்தது. தீவு மக்கள் கொதித்தெழுந்தார்கள். தியோவால்ட் மூர்ஹெட் என்ற உள்ளூர் அரசியலாளர் முன்னின்று வாஷிங்டன் வரை சென்று வாதாடினார். அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. கடலடி நிலம் மட்டும் பூங்காவில் சேர்ந்தது. அன்று அவர்கள் எதிர்க்காமல் இருந்திருந்தால், தாத்தா பாட்டி வாங்கிய துண்டு நிலங்களில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று தெரியாது.

இன்னொன்று, தீவில் அரசு உயர்நிலைப் பள்ளி இல்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் படகேறிச் செயின்ட் தாமஸுக்குப் போய் வருகிறார்கள். பள்ளி கட்டச் சமமான நிலம் கிடைக்காததால் பூங்கா நிலத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்ளும் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. விடுதிக்கு நாற்பது ஆண்டு வாடகையில்லாமல் நிலம் கொடுக்க முடிந்த ஏற்பாட்டில், பள்ளிக்குச் சில ஏக்கர் கொடுப்பது மட்டும் ஏன் அவ்வளவு சிக்கலானது?

கடலோடி எழுதியது:

அகல்விளக்கு, பள்ளி விஷயத்தில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் விடுதி நிலம் அரசு கொடுத்தது அன்று. கொடுத்தவர் தமக்கென்று வைத்துக்கொண்டது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

அகல்விளக்கு எழுதியது:

சட்டப்படி வேறு வேறுதான், அண்ணா. படகில் போகும் பிள்ளைக்கு அந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது என்பதே என் கேள்வி.

பத்திர எழுத்தர் எழுதியது:

இப்போது 1983 பத்திரத்துக்கு வருகிறேன். நம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இதைத் தான செட்டில்மெண்ட் என்போம். தகப்பனார் மகனுக்கு வீட்டை எழுதி வைத்துவிட்டு, தம் ஆயுள் வரை தாமே அதில் குடியிருந்து அனுபவிக்கும் பாத்தியத்தை ஒதுக்கிக்கொள்வது இல்லையா, அதே அமைப்புதான். இங்கே ஆயுளுக்குப் பதில் நாற்பது ஆண்டு. ஜாக்சன் ஹோல் பிரிசர்வ், விடுதி இருந்த ஏறத்தாழ 150 ஏக்கரை அரசுக்குத் தானமாக எழுதி, 2023 செப்டம்பர் 30 வரை அனுபவ உரிமையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. வாடகை இல்லை. ஆனால் அந்த அனுபவ உரிமையைப் பிறருக்கு விற்க முடிந்தது. அது பல கை மாறியது. தகப்பனார் தம் அனுபவ பாத்தியத்தை ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டுப் போனால் மகன் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் அனுபவத்தில், இத்தகைய பத்திரத்தின் கோளாறு கடைசிப் பத்தாண்டில்தான் தெரியும். கெடு தொலைவில் இருக்கும்போது பழுது பார்ப்பார்கள், பணம் போடுவார்கள். கெடு நெருங்க நெருங்க எந்த வங்கியும் கடன் தராது, எந்த முதலாளியும் தன் காசைப் போட மாட்டார், ஏனென்றால் கட்டியதெல்லாம் பிறருக்குப் போகப்போகிறது. கனீல் பேயில் நடந்தது இதுவே. இதை உணர்ந்துதான் 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அனுபவ உரிமையாளரோடு நியாயமான வாடகைக்கு நீண்ட காலக் குத்தகை போட்டுக்கொள்ள, பூங்காக்களை நிர்வகிக்கும் உள்துறைக்கு அனுமதி கொடுத்தது. அனுமதி கிடைத்தும் ஏழாண்டு பேசி, குத்தகை மட்டும் வரவில்லை. அதற்குள் 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் அடித்தது. இரண்டு வாரத்தில் மரியா. கூரைகள் பறந்து, சுவர்கள் இடிந்து, நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தீவில் அதிகம் பேருக்கு வேலை கொடுத்த இடம் அதுவாகத்தான் இருந்தது.

புயலுக்குப் பிறகு அனுபவ உரிமையாளர் தரப்பு, இன்னும் அறுபது ஆண்டு நீட்டித்தால் திருப்பிக் கட்டுகிறோம் என்றது. அதற்காக 2018இல் வந்த மசோதா நிறைவேறவில்லை. 2019இல், ஏழு கோடி டாலரும் சுற்றுச்சூழல் பொறுப்பிலிருந்து விடுவிப்பும் கொடுத்தால் இப்போதே விலகுகிறோம் என்றது. இடத்தின் மண்ணில் நச்சுப் பொருள்கள் கலந்திருக்கின்றனவா என்ற ஆய்வும் அப்போது நடந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டு மீதமுள்ள வாடகையில்லா உரிமைக்கு ஏழு கோடி என்பது எந்தக் கணக்கு என்று அன்று பலர் கேட்டார்கள்.

இளவேனில் எழுதியது:

அந்தக் கோரிக்கையை அரசு ஏற்கவில்லை என்று புரிகிறது. அதன்பின் நீதிமன்றம் சென்றது எந்த அடிப்படையில்?

பத்திர எழுத்தர் எழுதியது:

அது சாமர்த்தியமான வாதம், நண்பரே. அனுபவ உரிமையாளர் கெடுவுக்கு முன்பே விலக விரும்பினால் அரசுக்கு முதலில் முன்மொழிய வேண்டும் என்ற வகையில் பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு. நாங்கள் முன்மொழிந்தோம், அரசு ஏற்கவில்லை, ஆகவே நிலத்தின் மேல் அரசுக்கு இருந்த பாத்தியமே போய்விட்டது, முழு உரிமையும் எங்களுக்கே என்று 2022இல் வழக்குப் போட்டார்கள். தானம் வாங்கியவர், தாம் ஏற்கெனவே சொந்தக்காரராக இருக்கும் சொத்துக்கு ஏழு கோடி கொடுக்க மறுத்ததால் சொத்தையே இழந்துவிட்டார் என்பதுதான் அதன் சாரம். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலம் அரசுடையதே என்று தீர்ந்தது. தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். கொடுத்தவரின் எண்ணம், கெடு முடிந்ததும் அந்த இடம் பூங்காவோடு இணைய வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனாலும் அந்த நிபந்தனையை எழுதியவர் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தால், வழக்குக்கே வழி இருந்திருக்காது.

வைகைக்கரை எழுதியது:

இழையின் போக்குக்கு இது பொருந்துமா தெரியவில்லை. செயின்ட் ஜானை ஆண்ட அதே டேனிஷ் அரசுதான் 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியையும் வைத்திருந்தது. அப்படியானால் இந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு சென்றிருப்பார்களே? மார்ட்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் காரைக்காலிலிருந்து கப்பல் போனது போல.

தரங்கைக்காரன் எழுதியது:

வைகைக்கரை, அந்த இணைப்பு உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் வடிவில் இல்லை. டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளுடன் போனது ஒரே கப்பல்தான். 1863இல் முந்நூற்றுச் சொச்சம் பேருடன் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டுச் செயின்ட் குரோய்க்குச் சென்றது. தரங்கம்பாடி அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே ஆங்கிலேயர் வசம் போய்விட்டது. செயின்ட் ஜானுக்கு அவர்கள் வரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள்.

உண்மையான இணைப்பு துணியில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கரையில் டேனியர்கள் வைத்திருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து கோபன்ஹேகனுக்குப் போன துணியில் ஒரு பங்கு அங்கே போய் முடிந்தது. அதே கோட்டையை 1693இல் அசமனி என்ற அக்வாமு தலைவர், வணிகர் வேடத்தில் ஆட்களோடு நுழைந்து கைப்பற்றி, ஓர் ஆண்டு வைத்திருந்து, பொன் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். சாவிகளை மட்டும் திருப்பவில்லை. நாற்பது ஆண்டு கழித்து அதே இனத்தார் செயின்ட் ஜானில் இன்னொரு டேனிஷ் கோட்டைக்குள் விறகுக் கட்டோடு நுழைந்தார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. கோட்டையை எப்படி ஏமாற்றிப் பிடிப்பது என்ற கதை அவர்கள் வீடுகளில் சொல்லப்பட்டிருக்கும்.

நெறியாளர் எழுதியது:

தரங்கம்பாடித் துணி வணிகம் பற்றித் தொடர விரும்புவோர் தனி இழை தொடங்கவும். இங்கே கனீல் பே மட்டும்.

கடலோடி எழுதியது:

சரி, இனி என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருவோம். பூங்கா நிர்வாகம் பொதுக்கூட்டங்கள் நடத்தி, மக்கள் கருத்துக் கேட்டு, ஒரு பகுதியில் விடுதியும் மற்றப் பகுதிகளில் பொதுமக்கள் பயன்பாடும் என்ற திசையில் திட்டமிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடுதான். விடுதியே வேண்டாம் என்பவர்கள், வேலை இழந்த குடும்பங்கள் தீவை விட்டுப் போனதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பூங்கா வந்ததால் எஞ்சிய தனியார் நிலத்தின் விலை ஏறி, உள்ளூர்க்காரர் வீடு கட்ட முடியாத தீவில் வேலையும் இல்லையென்றால் மிஞ்சுவது வெளியூர்க்காரர்களின் மாளிகைகள் மட்டுமே.

அகல்விளக்கு எழுதியது:

விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அண்ணா. பழைய விடுதியைத் திருப்பிக் கட்டுவதுதான் வேண்டாம் என்கிறேன். பழைய ஏற்பாட்டில் உள்ளூர்க்காரர் வாசலுக்கு உள்ளே வந்தது பெரும்பாலும் வேலைக்குத்தான். இனி வருவதில் செக்கு மேடை உணவகமாக வேண்டியதில்லை. டூர்லோ தோட்டத்து முற்றுகை நடந்த இடத்தில் அங்கே இருந்தவர்களின் பெயர்கள், தெரிந்தவரை, கிளர்ச்சிக்காரர்களும் காத்தவர்களும் இருதரப்பும், சுவரில் இருக்க வேண்டும். டேனிஷ் ஆவணங்கள் மின்னுருவாக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன, பெயர்களைத் திரட்டுவது முடியாத வேலை அன்று. கோரல் பேயில் ஆண்டுதோறும் நவம்பரில் நினைவு நடை நடக்கிறது. அந்த நடை கனீல் பே வரை வர வழி விடப்பட வேண்டும்.

பத்திர எழுத்தர் எழுதியது:

பெயர் பொறிப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் பத்திரத்தோடு நிற்கிறேன். அடுத்து எழுதப்படுவது தானமாக இல்லாமல் குத்தகையாக இருக்க வேண்டும். வாடகை உண்டு என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். அந்த வாடகையில் ஒரு பங்கு வாஷிங்டனுக்குப் போகாமல் தீவிலேயே தங்குமாறு சட்டத்தில் இடம் தேட வேண்டும். புயலில் இடிந்தால் யார் காசில், எத்தனை மாதத்துக்குள் சுத்தம் செய்வது என்பது தனிப் பிரிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கடலில் இர்மா கடைசிப் புயல் ஆகாது. கடைசிப் பத்தாண்டில் போடும் முதலீட்டுக்குத் தேய்மானம் கழித்து ஈடு கொடுப்பதாக எழுதாவிட்டால், இன்னொரு முறையும் கெடு நெருங்கும்போது கூரை ஒழுகும். கடற்கரைக்குச் செல்லும் பாதைகளை வரைபடத்தோடு, அடி அளவோடு, அட்டவணைச் சொத்தில் தனியாகக் காட்டி, அவை எக்காலத்திலும் குத்தகைக்கு உட்படாது என்று குறிக்க வேண்டும். உள்குத்தகை விடவோ உரிமையை விற்கவோ முன் அனுமதி கட்டாயம். இவ்வளவும் இருந்தால் யார் விடுதி நடத்தினாலும் எனக்குக் கவலையில்லை.